கிளட்சில் ஆயில்: அறிகுறியிலிருந்து ஊற்றுக்கண் வரை

கிளட்ச் நழுவுகிறது என்று வண்டியைக் கொண்டுபோய் விட்டால், கியர்பாக்ஸை இறக்கி, புதுப் பிளேட் போட்டு, மாலைக்குள் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பிளேட் தேய்ந்து கெட்டிருந்தால் வேலை அதோடு முடிந்தது. ஆயில் பட்டுக் கெட்டிருந்தால் வேலை இன்னும் தொடங்கவே இல்லை. ஆயில் வந்த வழி திறந்தே கிடக்க, புதுப் பிளேட்டும் சில மாதங்களில் நனையும். இறக்கி ஏற்றும் கூலியை மறுபடியும் கொடுக்க வேண்டியதுதான். ஆகவே கீழே எந்த அறிகுறியைப் பற்றிப் படித்தாலும், கடைசியில் நிற்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஆயில் எங்கிருந்து வந்தது?

பேசப்போவது உலர் கிளட்ச் உள்ள வண்டிகளைப் பற்றி: கார், வேன், லாரி, கடலூர் துறைமுகத்தில் மீனும் பண்ருட்டியில் பலாப்பழமும் ஏற்றும் குட்டி யானை. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் பெரும்பாலும் ஆயிலிலேயே குளிப்பது. அதற்கும் ஸ்கூட்டருக்கும் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

இன்ஜின் இரைகிறது, வண்டி ஏறவில்லை

கடலூரும் புதுச்சேரியும் தட்டையான ஊர்கள். மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருக்கும் வரை, பாதி நழுவும் கிளட்ச்கூடக் காட்டிக்கொடுக்காது. சரக்கோடு கேப்பர் மலை ஏறும்போதுதான் உண்மை தெரியும். புதுச்சேரிக்காரர்களுக்கு இதே வேலையைக் கோரிமேடு செய்யும்.

ஏற்றம் இல்லாவிட்டாலும் சோதிக்கலாம். ஆள் நடமாட்டம் குறைந்த நேரான சாலையில், நான்காம் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். வேகமானி முள்ளும் இன்ஜின் சுழற்சியும் சேர்ந்து ஏற வேண்டும். இன்ஜின் மட்டும் துள்ளி ஏறி, வண்டி பின்தங்கினால் கிளட்ச் நழுவுகிறது. முதல் கியரில் இது தெரியாது. மேல் கியரில் கிளட்ச் தாங்கும் சுமை அதிகம் என்பதால் நழுவல் அங்கேதான் முதலில் தலைகாட்டும்.

நின்ற இடத்திலும் பார்க்கலாம். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கை இறுக்கி, முன்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நான்காம் கியரில் சற்று ஆக்சிலரேட்டர் கொடுத்து கிளட்சை விடுங்கள். நல்ல கிளட்ச் இன்ஜினை உடனே அணைத்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால், பிளேட்டில் இருக்கிற லைனிங்கையும் (உராய்ந்து பிடிக்கும் மேலடுக்கு) கருக்கிவிடுவீர்கள்.

நழுவுகிறது என்று தெரிந்தாயிற்று. தேய்மானமா, ஆயிலா? தேய்மானம் மெல்ல வரும். ஆயிரக்கணக்கான கி.மீ. ஓட்டத்தில் சிறிது சிறிதாகக் கூடும், வந்தால் திரும்பாது. ஆயில் நழுவலுக்கு நிலையான குணம் கிடையாது. காலையில் ஒழுங்காகப் பிடிக்கும், இன்ஜின் சூடாகி ஆயில் இளகிய பிறகு வழுக்கும். சில நாள் ஆயில் எரிந்து தீர்ந்து தானே சரியானதுபோல் நடிக்கும், பிறகு பழையபடி. கேபிள் கிளட்சாக இருந்தால் இன்னொரு தடயம் உண்டு. லைனிங் தேயத் தேயப் பெடலின் மேல் தளர்வு (மிதித்ததும் எதிர்ப்பில்லாமல் இறங்கும் தூரம்) குறைந்துகொண்டே வரும். தளர்வு போன மாதம் இருந்ததுபோலவே இருக்க, நழுவல் மட்டும் திடீரென்று வந்திருந்தால் என் சந்தேகம் முதலில் ஆயில் மேல்தான் போகும். தளர்வே இல்லாமல் கேபிள் இழுத்துக்கொண்டு நின்றால், அதைத் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். சில வண்டிகளின் நோய் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேபிளுக்குப் பதிலாகப் பிரேக் ஆயிலால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்வதால் பெடலிலிருந்து இந்தச் செய்தி கிடைக்காது.

புறப்படும்போது வண்டி உதறுகிறது

பிளேட்டின் ஒரு பகுதியில் ஆயில் பட்டு மறுபகுதி காய்ந்திருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பிடித்து, விட்டு, பிடித்து வண்டி உதறும். ஆனால் உதறலுக்கெல்லாம் ஆயிலைக் குற்றம் சொல்ல முடியாது. இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே உதறல்தான். பானட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை மிதித்தபடி கிளட்சை மெல்ல விடும்போது இன்ஜின் எவ்வளவு ஆடுகிறது என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். எகிறினால் மவுண்டிங்கை முதலில் மாற்றுங்கள். அது கியர்பாக்ஸை இறக்காமல் முடியும் வேலை.

கியர் விழ மறுக்கிறது

கிளட்சை மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரவென்று கத்தினால் பிளேட் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். ஆயிலும் லைனிங் தூளும் குழைந்து பிசினாகி, இன்ஜினின் பின்னால் சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலோடு பிளேட் ஒட்டிக்கொண்டால் இப்படி ஆகும்.

ஆனால் நம் கடற்கரையில் இதற்கு வேறொரு பெரிய காரணம் இருக்கிறது: தண்ணீர். 2015 வெள்ளத்திலும் 2024 ஃபெஞ்சல் புயல் மழையிலும் சக்கரம் மூழ்க நின்ற வண்டிகள் இங்கே ஏராளம். கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கில் நீர் புகுந்து, வண்டி சில நாள் அசையாமல் நின்றால், பிளேட் துருவால் ஃப்ளைவீலில் ஒட்டிவிடும். அது ஆயில் கோளாறு அல்ல. ஆனால் அதே நீர் பின்னால் ஆயில் கோளாறையும் கொண்டுவரும். ஓடிச் சூடான கியர்பாக்ஸ் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கியர் ஆயில் மோர்போல வெளுத்து, மட்டம் உயர்ந்து, ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் முன்பக்க சீல் வளையத்தைத் தாண்டி கிளட்சுக்குள் கசியும். வெள்ளத்தில் நின்ற வண்டியில் கியர் ஆயில் மூடியைத் திறந்து நிறம் பார்க்காமல் ஓட்டக் கூடாது.

பெடல் தளர்ந்து உள்ளே போகிறது

இது ஹைட்ராலிக் கிளட்சுக்கு மட்டும். பெடலை அழுத்திப் பிடித்தால் மெல்ல இறங்குகிறது, பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் குறைகிறது என்றால், பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரோ கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரோ கசிகிறது. வெளியே பொருத்திய ஸ்லேவ் என்றால் ரப்பர் உறையை விலக்கியதும் ஈரம் தெரிந்துவிடும். கிளட்சைச் சீண்டாமலே மாற்றலாம். கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும் வகை கசிந்தால், கசிவு அத்தனையும் நேரே பிளேட் மேல்தான்.

பெல் ஹவுசிங் அடியில் சொட்டுகிறது

இந்த அறிகுறியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், அடியில் ஒரு சிறு துளையோ இடுக்கோ இருக்கும். அதன் நேர் கீழே இரவு ஒரு வெள்ளை அட்டையை வைத்து வண்டியை நிறுத்துங்கள். காலையில் கிடைக்கும் கறைக்குப் பக்கத்திலேயே, இன்ஜின் அளவுகோலிலிருந்து ஒரு சொட்டும் கியர்பாக்ஸ் நிரப்பும் துளையிலிருந்து விரலால் தொட்ட ஒரு சொட்டும் வையுங்கள். மூன்றையும் வெயிலில் வைத்துப் பார்த்தால் எது எதன் பிள்ளை என்று தெரியும். டீசல் இன்ஜின் ஆயில் கறுப்பு. அட்டையில் பரவும்போதும் கறுப்பாகவே பரவும். பெட்ரோல் இன்ஜின் ஆயில் பழுப்பு. கியர் ஆயில் இன்னும் அடர்த்தி. விரலிடையில் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாடை மூக்கில் ஏறும். ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பிரேக் ஆயில் நீர்த்தது, தொட்டால் வழவழப்பு, பெயின்ட்டை உரிக்கும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள்: பிரேக் ஆயில் கரைந்துவிடும், இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் மேலே மிதந்து வானவில் காட்டும்.

இன்ஜின் ஆயில்தான் என்று முடிவானதும் உடனே கிராங்கின் பின்பக்க சீல் (கிராங்க் ஷாஃப்ட் ஃப்ளைவீல் பக்கம் வெளிவரும் இடத்தில் இருப்பது) என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ராக்கர் கவர் பேக்கிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டர், இவற்றில் எது கசிந்தாலும் ஆயில் இன்ஜினின் பின்முகம் வழியாக இறங்கி அதே இடுக்கில்தான் வந்து சொட்டும். சில நூறு ரூபாய் பேக்கிங்குக்காக கியர்பாக்ஸை இறக்கிய கதைகள் பட்டறைதோறும் உண்டு. இன்ஜினின் பின்புறத்தை மேலிருந்து கீழ்வரை துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு, இருபது முப்பது கி.மீ. ஓட்டி வாருங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி போய் வரும் வழியில் பாதி போதும். திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், மேலிருந்து இறங்கியிருந்தால் பவுடரில் ஆயில் கோடு போட்டுக் காட்டும். மேலே எல்லாம் வெள்ளையாகவே இருந்து, இடுக்கு மட்டும் நனைந்திருந்தால் கசிவு உள்ளே இருக்கிறது.

அடுத்து மூச்சு. இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான காற்று இயல்பு. குபுகுபுவென்று புகை தள்ளினால், பிஸ்டன் வளையங்களைத் தாண்டி அழுத்தம் கீழே வருகிறது, அல்லது இன்ஜினின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. அந்த அழுத்தம் வெளியேற வழியில்லாமல் சீலைத்தான் தள்ளும். கியர்பாக்ஸுக்கும் மேலே சிறு மூச்சுத் துளை உண்டு. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீரும் சேறும் காய்ந்து அதை அடைத்துவிடும். ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கியர் ஆயில் மட்டத்தையும் சமதரையில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் நிரப்பும் துளையின் விளிம்பு வரைதான் கணக்கு; அதற்கு மேல் ஊற்றியது சீல் வழியே வெளியேறப் பார்க்கும்.

இன்னொன்று: இடுக்கில் ஈரம் மட்டும் இருக்கிறது, சொட்டவில்லை, கிளட்சும் ஒழுங்காகப் பிடிக்கிறது என்றால் வண்டியை ஓட்டுங்கள். ஆயில் மட்டத்தை மட்டும் பார்த்துவாருங்கள். வியர்க்கும் சீலுக்காகக் கியர்பாக்ஸை இறக்குவது வீண்செலவு.

இறக்கியபின்: கழுவுவதற்கு முன் படியுங்கள்

வண்டியை ஜாக்கியில் மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றுக்குழாயால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கியர்பாக்ஸ் இறங்கியதும் பட்டறைப் பையனின் கை தானாக டீசல் டப்பாவுக்குப் போகும். தடுத்து நிறுத்துங்கள். கழுவிவிட்டால் தடயம் போயிற்று. கைபேசியில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள்.

ஃப்ளைவீலின் இன்ஜின் பக்கம் நனைந்து, பெல் ஹவுசிங்கின் உட்சுவரில் ஆயில் வட்டமாகச் சிதறி அடித்திருந்தால் கிராங்கின் பின்பக்க சீல். ஃப்ளைவீல் போல்ட் தலைகளைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால் வேறு கதை: சில இன்ஜின்களில் அந்தத் துளைகள் கிராங்க் கேஸுக்குள்ளேயே திறக்கும், மரை வழியாக ஆயில் ஏறிவரும். அங்கே சீல் மாற்றிப் பயனில்லை. போல்ட் மரையில் சீலன்ட் தடவியே போட வேண்டும்.

ஃப்ளைவீலின் இன்ஜின் பக்கம் காய்ந்திருக்க, ரிலீஸ் பேரிங், அது நகரும் குழல், பிளேட்டின் நடுத்துளைப் பற்கள் எல்லாம் நனைந்திருந்தால் கியர்பாக்ஸின் முன்பக்க சீல், அதாவது இன்புட் ஷாஃப்ட் சீல். வாடை இதை உறுதிசெய்யும். நடுவிலிருந்து வெளிநோக்கிக் கதிர்போலக் கறுத்த கோடுகள் ஓடி, வேறெங்கும் ஈரமே இல்லாவிட்டால், அது கசிவே அல்ல. முன்பு வேலை பார்த்தவர் பற்களில் அப்பிய கிரீஸ்.

சீல் போடுவது

கியர்பாக்ஸ் இறங்கிவிட்டது என்றால், குற்றவாளி எதுவானாலும், கிராங்கின் பின்பக்க சீல், இன்புட் சீல் இரண்டையும் மாற்றிவிடுங்கள். சீல் விலை சொற்பம், கூலிதான் பெரிது.

பழைய சீலை நெம்பும்போது ஸ்க்ரூடிரைவர் முனை கிராங்கில் கீறிவிடாமல் பாருங்கள். சீல் வெளியே வந்ததும், அதன் உதடு உரசிய இடத்தில் விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் சிக்கினால் கிராங்கில் பள்ளம் விழுந்திருக்கிறது. புதுச் சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் முதல் நாளிலிருந்தே கசியும். இடம் அனுமதித்தால் சீலை ஒன்றிரண்டு மி.மீ. முன்னோ பின்னோ நிறுத்தி, உதடு புது இடத்தில் உரசும்படி செய்யலாம். இல்லாவிட்டால் மெல்லிய ரிப்பேர் ஸ்லீவ் ஏற்ற வேண்டும். கிராங்கைக் கையால் மேலும் கீழும் அசைத்தும் பாருங்கள். அசைவு கைக்குத் தெரிந்தால் மெயின் பேரிங் போய்விட்டது. எந்தச் சீலும் நிற்காது, வேலை இன்ஜின் பக்கம் திரும்ப வேண்டும்.

சாதாரண ரப்பர் சீலின் உதட்டில் சுத்தமான இன்ஜின் ஆயில் தடவிப் போட வேண்டும். டெஃப்லான் உதடு உள்ள சீலுக்கு நேர் எதிர்: துளி ஆயில் படாமல், உலர்ந்த கிராங்கில் ஏற்றி, இன்ஜினை ஓட்டும் முன் சில மணி நேரம் விட வேண்டும். அதில் ஒரு பிளாஸ்டிக் வளையம் கூடவே வரும். பொருத்தும்வரை அதைக் கழற்றக் கூடாது. பழக்கதோஷத்தில் ஆயில் தடவிக் கெடும் சீல்கள் இவைதான். ரப்பர் சீலின் உதடு ஆயில் பக்கம் பார்க்க வேண்டும். தட்டையான மரக்கட்டை வைத்து, சாயாமல் சுற்றிலும் தட்டி இறக்குங்கள்.

இன்புட் சீலுக்குச் சிறு உபாயம் ஒன்று: ஷாஃப்டின் பற்கள்மேல் டேப் சுற்றிவிட்டுச் சீல் கவரை ஏற்றுங்கள். பற்கள் புது உதட்டைக் கிழிப்பது நிற்கும்.

பிளேட்டைக் கழுவிப் போடலாமா?

"அண்ணே, பெட்ரோலில் ஊறவைத்து, எமரி தேய்த்துப் போட்டால் ஓடாதா? லைனிங் இன்னும் பாதி இருக்கிறதே" என்று வண்டிக்காரர் கேட்பார். அவர் வருத்தம் நியாயமானதே; லைனிங் நன்றாகத்தான் இருக்கும். என் பதில் எப்போதும் "போடாதீர்கள்" என்பதுதான். லைனிங் நுண்துளைகள் நிறைந்தது. மேற்பரப்பு சுத்தமானாலும் உள்ளே ஊறிய ஆயில் அங்கேயே இருக்கும். கேப்பர் மலை ஏற்றத்தில் சூடேறியதும் அது மேலே வரும். ஊதுவிளக்கால் சுட்டு ஆயிலை எடுப்பவர்களும் உண்டு. அந்தச் சூடு லைனிங்கைக் கட்டிவைத்திருக்கும் ரெசினையே கெடுத்து, பிளேட் உதிரத் தொடங்கும்.

பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும், ஃப்ளைவீலும் இரும்பு, ஆயிலைக் குடிக்காது. பிரேக் கிளீனரால் கழுவி, எமரியால் குறுக்கும் நெடுக்குமாக உரசி மினுமினுப்பைப் போக்கினால் மறுபடி பயன்படும். நீலத் திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் இருந்தால் மட்டும் லேத் பட்டறைக்கு அனுப்புவதா, மாற்றுவதா என்று யோசியுங்கள். இரட்டை எடை ஃப்ளைவீலை (நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு பகுதிகளாக வருவது) லேத்தில் ஏற்றக் கூடாது. ரிலீஸ் பேரிங்கைப் பெட்ரோலில் முக்கினால் உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்து போகும். அதைப் புதிதாகவே போடுங்கள். பெல் ஹவுசிங்கின் மூலைமுடுக்கில் ஒரு கரண்டி ஆயில் மிச்சமிருந்தாலும் புதுப் பிளேட் மேல் சிதறும். அதையும் காயும்வரை துடையுங்கள்.

பொருத்துவதில் சொல்ல அதிகம் இல்லை. பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் என்று குறித்திருப்பதைப் பார்த்து வைத்து, பிளேட்டை நடுவில் நிறுத்தும் சென்டரிங் டூல் செருகி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பற்களில் கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும். பிளேட்டை ஒரு முறை ஏற்றி இறக்கி, பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். லைனிங்கை ஆயில் கையால் தொடாதீர்கள். கியர்பாக்ஸைப் பிளேட் மேல் தொங்கவிட்டு இளைப்பாறக் கூடாது, பிளேட்டின் நடு வளைந்து பழைய உதறல் புதுப் பிளேட்டிலேயே வரும். கியர் ஆயிலைக் கையேட்டில் சொன்ன தரத்தில் ஊற்றி, பெடல் தளர்வை வைத்து, முதல் சில நூறு கி.மீ. கனத்த சரக்கைத் தவிருங்கள்.

இருசக்கர வண்டிகள்

மோட்டார் சைக்கிளில் கிளட்ச் நழுவினால் ஆயில் ஏன் பட்டது என்று கேட்பதில் பொருளில்லை, எந்த ஆயில் என்று கேளுங்கள். உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலை ஊற்றினால் நழுவும். டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்பது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. சரியான ஆயிலை மாற்றிச் சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டே தட்டுகளைக் கழற்றுங்கள்.

புதுச்சேரியில் வாடகைக்கு ஓடும் கியரில்லா ஸ்கூட்டர்களின் கிளட்ச் உலர் வகை. புறப்படும்போது கிறீச்சிட்டு உதறினால் இடப்பக்க உறையைத் திறங்கள். உள்ளே ஈரம் இருக்கவே கூடாது. முன் கப்பி ஓரம் நனைந்திருந்தால் கிராங்க் சீல். பின்புறம் நனைந்து கந்தக வாடை அடித்தால் கியர் சீல். பின் கப்பியிலிருந்து கிரீஸ் மட்டும் தெறித்திருந்தால் கடைசியாகச் சர்வீஸ் செய்தவர் கை தாராளம். சீலோடு பெல்ட்டையும் மாற்ற வேண்டும், ஆயிலில் ஊறிய ரப்பர் உப்பிப்போகும். கிளட்ச் ஷூவுக்கும் கார் பிளேட்டின் விதிதான்.

மறுபடி நான்கு சக்கரத்துக்கு, ஒரே ஒரு எச்சரிக்கை. சொட்டுவதைப் பார்க்கச் சகிக்காமல், பெல் ஹவுசிங் அடித்துளையைப் பசை வைத்து அடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். வாசலில் கறை நின்றுவிடும். வெளியேற வழியில்லாத ஆயிலும் மழைத்தண்ணீரும் உள்ளேயே தேங்கி, சுழலும் ஃப்ளைவீலில் பட்டுப் பிளேட்டை நனைக்கும். பழைய வண்டி வாங்குகிறீர்கள் என்றால் அடியில் குனிந்து அந்தத் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால், விலை பேசும் முன் ஒரு கம்பியால் குத்தித் திறந்து, என்ன வழிகிறது என்று பார்த்துவிடுங்கள்.